விருச்சிகத்துக்குப் பயணம்

கல்யாணமான பதினோராம் நாள் என் மனைவி மதுரையில் விமானம் ஏறினாள். கனடாவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை. மூன்று வார விடுப்பில் வந்திருந்தாள். முதல் வாரம் என்னை நேரில் பார்த்தாள். இரண்டாம் வாரம் கல்யாணம். மூன்றாம் வாரம் குற்றாலம் போனோம். வைகாசி தொடக்கம் என்பதால் அருவியில் தண்ணீர் இல்லை. பாறையைப் பார்த்தோம், பாறைக்கு முன்னால் நின்று நாற்பது போட்டோ எடுத்துக்கொண்டோம், திரும்பி வந்தோம்.

விமான நிலையத்திலிருந்து நானும் மாமனாரும் ஒரே காரில் வந்தோம். அவருக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. மாமியார் தவறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள்.  கள்ளிக்குடி தாண்டியதும் என்னைத் தேற்றுவதாக நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

“ஒரு வருசந்தான் மாப்ள. கண்ண மூடித் தொறக்கங்குள்ள ஓடிரும்.”

ஒரு வருஷம் என்ற கணக்கை அவருக்குக் கொடுத்தது மதுரையில் இருந்த விசா கன்சல்டன்ட். என் மனைவி அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவள். அவள் என்னை ஸ்பான்சர் செய்து விண்ணப்பம் போட வேண்டும். எங்கள் கல்யாணம் நிஜமான கல்யாணம்தான் என்று அங்கே யாரோ ஓர் அதிகாரி நம்ப வேண்டும். நம்பிவிட்டால் விசா. கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது.

விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. அதைத் தயாரித்தவர்கள் எல்லாரும் காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள் போல. ‘உங்கள் உறவு எப்படி வளர்ந்தது?’ என்று ஒரு கேள்வி. ‘வளர நேரம் இல்லை, நேராகக் கல்யாணம்’ என்று எழுதினேன். கன்சல்டன்ட் அதை அடித்தார். ‘திருமணம் செய்துகொள்ளலாம் என்று முதலில் சொன்னது யார்?’ என்பது அடுத்தது. ‘பெரியம்மா’ என்று எழுதியிருந்தேன். அதுதான் உண்மை.

“சார், பெரியம்மா உங்கள லவ் பண்ணலைல்ல?” என்றார் அவர்.

“இல்லை.”

“அப்ப உங்க பேரப் போடுங்க.”

ஆவணியில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆவணியில் நான் கனடாவில் இருப்பேன் என்று ஊர் முழுக்கத் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது.

எனக்கு வேலை திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில். தினசரி காலண்டர் பிரிவில் புரூஃப் பார்ப்பவன். எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவாள். நானோ என் பெண்டாட்டி கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். அச்சகத்தில் இதை விடுவார்களா? பைண்டிங் பிரிவில் இருந்த அக்காமார் தினமும் விசாரித்தார்கள்.

“தம்பி, புகுந்த வீட்டுக்கு எப்பம் போறீக?”

“சொன்னாகன்னா போக வேண்டியதுதான்க்கா.”

“சமையலு கத்துக்கிட்டீகளா? போன எடத்துல பேரு வாங்கணும்ல.”

அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அடுப்படியில் நிறுத்தி ரசம் வைக்கச் சொன்னார். “அந்தப் புள்ள பன்னெண்டு மணி நேரம் நின்னு வேலை பாத்துட்டு வரும். நீ காலு மேல காலு போட்டு உக்காந்திருந்தேன்னா நானே வந்து அடிப்பேன்லே,” என்றார். புளி கூடிப்போன அந்த ரசத்தை முகம் சுளிக்காமல் குடிக்கவும் செய்தார். என் கல்யாணத்தில் அம்மா எந்தப் பக்கம் என்பதில் எனக்கு அன்றைக்கே தெளிவு வந்துவிட்டது.

வெளியிலும் விசாரணைதான். முடி வெட்டும் கடை, டீக்கடை, சிவகாசி பஸ் ஸ்டாண்டு, எங்கே நின்றாலும் ‘விசா வந்துருச்சா?’ முதல் மூன்று வாரம் ‘இன்னும் வரலை’ என்று மரியாதையாகச் சொன்னேன். அதற்குப் பிறகு ஆளுக்கொரு காரணம் சொல்ல ஆரம்பித்தேன். டீக்கடைக்காரரிடம், அங்கே பனி உருகினால்தான் புது ஆட்களை இறக்குவார்கள் என்றேன். முடி வெட்டுபவரிடம் என் ஜாதகத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். இரண்டு வாரத்தில் மாமனார் போன் செய்தார். “ஜாதகம் கேட்டாகளாமே மாப்ள? நம்ம ஜோசியர்கிட்ட நல்லதா ஒண்ணு எழுதச் சொல்லட்டா?” என்றார். என் பொய் சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு என்னைவிட வேகமாகப் போயிருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

தினசரி காலண்டர் தாளின் கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் இருக்கும். மேஷத்துக்கு ஆதரவு, ரிஷபத்துக்கு வரவு, இப்படி. ஜோசியர் ஒருவர் வருஷம் முழுவதற்கும் பட்டியல் கொடுப்பார். அடுத்த வருஷத்துத் தாள் இந்த வருஷம் ஆவணி, புரட்டாசியிலேயே அச்சுக்குப் போய்விடும். கடைசிப் புரூஃப் என்னுடையது. என் ராசி விருச்சிகம். அடுத்த வருஷத்து ஆவணி மாதத் தாள்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரே வாரத்தில் விருச்சிகத்துக்கு மூன்று ‘தாமதம்’, ஒரு ‘பொறுமை’, ஒரு ‘அலைச்சல்’. நான் கிளம்பிப் போகிற மாதத்தில் இது என்ன அபசகுனம் என்று தோன்றியது. ஒரு ‘தாமத’த்தை அடித்துவிட்டுப் ‘பயணம்’ என்று திருத்தினேன். யாரும் கேட்கவில்லை. அடுத்ததையும் திருத்தினேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆவணியிலிருந்து மார்கழி வரை மாதத்துக்கு ஏழெட்டுப் பயணம் போட்டுவிட்டேன்.

அடுத்த ஆவணியில் நான் இங்கே இருக்க மாட்டேன், எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காருபவன் பார்த்துச் சிரிக்கட்டும் என்பது என் எண்ணம். மாமனார் கடைப் பெயர் போட்டு நூறு காலண்டர் அடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஒன்றை அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டினார்.

ஆவணி வந்தது. விசா வரவில்லை. கணினியில் விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்தால் ‘பரிசீலனையில்’ என்ற ஒரே சொல். காலையில், மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவியதும், எப்போது பார்த்தாலும் அதே சொல். ஒரு வருஷத்துக்கு மட்டுமே செல்லும் என்று சொல்லி எடுத்த மருத்துவப் பரிசோதனை காலாவதியாகி, மறுபடி சென்னைக்குப் போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். என் மனைவி ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று விடுப்புக் கேட்பாள். உடனே கன்சல்டன்ட், “இப்பதான் பைல் நகருது மேடம், அடுத்த மாசம் சாரே வந்துருவாரு,” என்பார். அவள் விடுப்பை ஒத்திப்போடுவாள். இப்படி ஐந்து தரம் ஒத்திப்போட்டதில் ஒரு தரம்கூட வரவில்லை. எல்லா மாதமும் அடுத்த மாதமாகவே இருந்தது.

ஆனால் தாள் சொன்னபடி நடந்துகொண்டது. ஆவணி முதல் வாரம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு மாமனார் அழைத்தார்.

“மாப்ள, கேலண்டரு கிழிச்சீகளா?”

“இல்லை மாமா.”

“கிழிங்க. உங்க ராசிக்குப் பயணம்னு போட்டுருக்கு!”

அது நான் போட்ட பயணம். சிரிப்பு வந்தது. சொல்லியிருக்கலாம். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல், “அப்படியா மாமா?” என்று மட்டும் கேட்டுவைத்தேன். மூன்று நாள் கழித்து மறுபடி அழைத்தார். அந்த மாதத்தில் எட்டுத் தரம் அழைத்தார். எனக்கே எந்தத் தேதி என்று மறந்துவிட்டிருந்தது. அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் வேலைக்குப் போய்வருபவர். அவருக்கும் விருச்சிகம். “இந்த வருசம் பயணமாப் போட்டுத் தள்ளிருக்கான்க்கா. எனக்குக் கம்பெனி வேன விட்டா வேற என்ன பயணம் இருக்கு?” என்று அம்மாவிடம் அலுத்துக்கொண்டார். நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்தபோது மாமனார் ஒரு பெட்டி வாங்கிவிட்டார். நீல நிறம், சக்கரம் வைத்தது, ஒரு ஆட்டுக்குட்டியையே உள்ளே படுக்கவைக்கலாம் போலப் பெரியது. வீட்டில் வைத்தால் தூசி படும் என்று கடையில் வத்தல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தூசி அங்கேதான் அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலை ஏழு மணிக்கு என் மனைவியோடு பேசுவேன். அவளுக்கு அது முந்தின நாள் முடிகிற நேரம். பெட்டிக் கதையைச் சொன்னபோது காலண்டரில் நான் செய்ததையும் சொல்லிவிட்டேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

“அப்பா நெசமா நம்பிட்டாகளா?”

“பெட்டியே வாங்கிட்டாரே.”

“ஏங்க, உங்களுக்கு வெளையாட்டு. அவுக ஒத்தையில இருக்காக. காலையில எந்திரிச்சு மொதல்ல பாக்கறதே அந்தத் தாளத்தான். அத வச்சுக்கிட்டா வெளையாடுவீக?”

போனை வைத்துவிட்டாள். அன்று முழுக்க எழுத்தில் சண்டை. போனில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் எழுத்து வந்துவிடும். அன்றைக்கு வந்தது எல்லாம் சுத்தத் தமிழ்.

தீபாவளி முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டபோது கனடா விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அது விசா இல்லை. கல்யாணத்துக்குப் பின் நாங்கள் சேர்ந்து இருந்தது பதினோரு நாள்தான் என்பதால், எங்கள் உறவு தொடர்கிறது என்பதற்கு மேலும் ஆதாரம் வேண்டுமாம். போட்டோ அனுப்பினால் எல்லாம் குற்றாலத்துப் பாறை. கன்சல்டன்ட் யோசித்துவிட்டு, “போன்ல பேசிக்கிட்டது, எழுதிக்கிட்டது, மாசத்துக்குப் பத்துப் பக்கம் எடுத்து இங்கிலீஷ்ல மாத்திக் குடுங்க,” என்றார்.

நல்ல பக்கங்களாகத் தேடினேன். கொஞ்சலாக எதுவும் பெரிதாகக் கிடைக்கவில்லை. ‘சாப்பிட்டாச்சா, என்ன கொழம்பு’ என்று நூறு பக்கம் இருந்தது. சண்டை முந்நூறு பக்கம் இருந்தது. என் மனைவியிடம் கேட்டேன்.

“சண்டையவே அனுப்புங்க,” என்றாள். “பொய்யாக் கல்யாணம் பண்ணவன் எவன் இம்புட்டு அக்கறையாச் சண்டை போடுவான்?”

கன்சல்டன்டும் அதையே சொன்னார். அவருக்கும் கல்யாணமாகியிருந்தது.

மொழிபெயர்ப்பைச் சொந்தக்காரர்கள் செய்யக் கூடாது. மாமனாருக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர், நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் போட்டு இதைச் செய்துதர ஒப்புக்கொண்டார். அவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தம். ஆகவே வத்தல் கடையில் வைத்துச் செய்யலாம் என்று மாமனார் சொன்னார். எந்தெந்த மாதம் என்று பிரித்து, பக்க எண் போட்டு, தாளில் அச்செடுத்துக்கொண்டு விருதுநகருக்குப் பைக்கில் போனேன். பிரச்சினை போகிற வழியில், ஆமத்தூர் தாண்டும்போதுதான் உறைத்தது. ஐப்பசி மாதத்துப் பத்துப் பக்கத்தில் காலண்டர் சண்டையும் இருந்தது. அப்படியே திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். கன்சல்டன்டுக்குக் கொடுத்த பட்டியலில் பக்க எண்கள் ஏறிவிட்டிருந்தன.

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். மாமனார் அவருக்குப் பக்கத்தில். நான் மூட்டைமேல். கடைக்குள் யாராவது ஒருவர் எப்போதும் தும்மிக்கொண்டே இருப்பார்கள். ஆசிரியர் வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மூட்டை தூக்குபவர்களும் நின்று கேட்டார்கள்.

“‘நீ தூங்குறதப் பாக்குறதுக்கா நான் காலங்காத்தால எந்திரிச்சு உக்காந்துருக்கேன்.’ இது நீங்க சொன்னது. சரிதான தம்பி?”

“ஆமா சார்.”

“‘நாலு நாளா நின்னுக்கிட்டே இருக்கேன், கண்ணு சொருகுது. போங்க, எங்கூடப் பேசாதீக.’ இது அவுக.” பேனாவை மேசையில் வைத்தார். “இங்கன ஒரு சந்தேகம். ‘போங்க’ன்னு சொல்லிருக்காக. ஆனா அதுக்குப் பெறகு முப்பத்தஞ்சு நிமிசம் போன்ல பேசுனதா கீழயே பதிவாகிருக்கு. அப்ப இந்தப் ‘போங்க’ன்னா போகச் சொன்னதா, இருக்கச் சொன்னதா?”

மாமனார் முந்திக்கொண்டார்.

“இருக்கச் சொன்னதுதான் சார். எங்க வீட்ல அவ அம்மாவும் அப்படித்தான் சொல்லுவா.”

ஆசிரியர் தலையாட்டிவிட்டு எதையோ எழுதினார். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வைகாசி மாதப் பக்கங்களில் ஓர் இடத்தில் அவர் குரல் தாழ்ந்தது. ‘நீ வேற யாரையாச்சும் கட்டிருக்கலாம். இப்படி வெட்டியாக் காத்துக் கெடக்க வேண்டாம்’ என்று நான் எழுதியது. அதற்குக் கீழே நாலு நாளைக்கு ஒன்றுமே இல்லை. ஐந்தாம் நாள் அவள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘இன்னொரு தரம் இப்படிச் சொன்னீகன்னா விசாவ நானே கேன்சல் பண்ணிருவேன்.’ மூட்டை தூக்குபவர்கள் மெல்ல நகர்ந்து வேலையைப் பார்க்கப் போனார்கள். மாமனார் என்னைப் பார்க்கவில்லை. தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி வந்தது. நான் எழுந்து, “டீ வாங்கிட்டு வரட்டுமா சார்?” என்றேன்.

“இருங்க தம்பி, சந்தேகம் வந்தாக் கேக்க நீங்க வேணும்,” என்று சொல்லிவிட்டு வாசித்தார். “‘எங்க அப்பாவ ஏமாத்துனது போதும். கேலண்டர்ல பயணம்னு போட்டது ஜோசியரு இல்ல, நீங்கதான்னு நானே சொல்லிருவேன்.’” தாளைத் திருப்பிப் பார்த்தார். “இது என்ன கேலண்டரு? விளக்கமாச் சொன்னா அடிக்குறிப்புப் போடலாம்.”

யாரும் தும்மவில்லை. நான் சொன்னேன். புரூஃப், தாமதம், பயணம், எல்லாவற்றையும் அடிக்குறிப்புக்கு ஏற்றபடி விளக்கமாகச் சொன்னேன். ஆசிரியர் சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றினார். மாமனார் எழுந்தார்.

“டீ நான் சொல்லிட்டு வாரேன்,” என்றார்.

டீ வந்தது. அவர் வரவில்லை. மொழிபெயர்ப்பு முடிந்து ஆசிரியர் கிளம்பும் வரை வரவில்லை. நான் அந்த நீலப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் காலை ஆறரைக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும். என் மனைவியிடம் சொன்னபோது, “நல்லா வேணும்,” என்றாள். பிறகு, “போய்ப் பாருங்க,” என்றாள். நாலாம் நாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர், “வாங்க மாப்ள, சாப்பிட்டீகளா?” என்று எப்போதும்போலக் கேட்டார். இட்லி வைத்தார். எதிரே உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“கோவமெல்லாம் இல்ல. கொஞ்சம் வெக்கமாப் போச்சு, அம்புட்டுத்தான். நானும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்ல.” சட்னியை என் பக்கம் தள்ளினார். “ஆனா ஒண்ணு சொல்றேன். உங்க அத்த போனதுலருந்து காலையில எந்திரிச்சா இன்னைக்கு என்னத்துக்குன்னு இருக்கும். இந்த நாலு மாசந்தான் எந்திரிச்ச உடனே அந்தத் தாளக் கிழிக்கணும்னு ஒரு வேகம் இருந்துச்சு.”

 சுவரில் காலண்டர் இளைத்துப்போய்த் தொங்கியது. மார்கழி மட்டும்தான் மிச்சம்.

“மாமா, இன்னும் ஏழெட்டு நாளைக்குப் போட்டுருக்கேன். எந்தெந்தத் தேதின்னு பாத்துச் சொல்லிர்றேன். அதையெல்லாம் நம்ப வேண்டாம்.”

“சொல்லாதீக,” என்றார் அவசரமாக. “நானே கிழிச்சுப் பாத்துக்கிடுறேன்.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபின், அடுத்த வருஷத்துக் காலண்டர் அச்சுக்குப் போய்விட்டதா என்று விசாரித்தார். போய்விட்டது என்றேன். “துலாத்துக்கு எதுவும் பண்ணலையே?” என்று கேட்டார். அது அவருடைய ராசி. இல்லை என்றேன். அவர் முகத்தில் லேசாக ஏமாற்றம் தெரிந்தது.

சண்டைகள் எல்லாம் முத்திரையோடும் அடிக்குறிப்போடும் கனடாவுக்குப் போயின. அதற்குப் பிறகும் ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்தில் நான் ரசத்திலிருந்து சாம்பாருக்கும் மீன் குழம்புக்கும் முன்னேறினேன். பைண்டிங் அக்காமார் கேலி செய்வதை விட்டுவிட்டு எனக்காக இருக்கன்குடி கோயிலில் வேண்டிக்கொண்டார்கள்; அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு மத்தியானம் புரூஃபுக்கு நடுவில் கன்சல்டன்ட் அழைத்து, பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். எனக்குச் சந்தோஷம் உடனே வரவில்லை. அவர் வேறு யாருக்கோ போட்ட போன் என்று நினைத்து, “நீங்க யார்ட்ட பேசணும்?” என்று கேட்டேன்.

மதுரை விமான நிலைய வாசலில் அம்மா, பட்டியல் போட்டு ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாமனார் கொஞ்சம் தள்ளி நின்றார்.

“எல்லாரும் பொண்ண மட்டுந்தான் அனுப்புவாக. நான் ரெண்டையும் அனுப்பிட்டேன்,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“உங்களையும் கூப்பிட்டுக்கிடுவோம் மாமா.”

“வேண்டாம்யா. அந்த ஃபாரத்த நிரப்ப எனக்கு ஆயுசு பத்தாது.”

அங்கே போய் இறங்கி வெளியே வந்தேன். அம்மா வாங்கிக் கொடுத்த கம்பளிக் குல்லாய் புருவம் வரை இறங்கியிருந்தது. அங்கே அப்போது நல்ல வெயில். என் மனைவி என்னைத் தாண்டி நடந்து போய், எனக்குப் பின்னால் வந்த ஒருவரை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். நான் கூப்பிட்டதும் நின்றாள். இரண்டு வருஷத்துக்கு மேலாகப் போன் திரையில் அவள் பார்த்தது என் நெற்றியையும் மூக்கையும்தான்.

“ஏங்க, நீங்க இம்புட்டு உசரமா?” என்றாள்.

வீட்டுக்குப் போனோம். ஒரு படுக்கையறை, ஒரு சின்னக் கூடம். அவள் சோறு வைத்தாள், நான் ரசம் வைத்தேன். சாப்பிட்டோம். தட்டைக் கழுவினோம். பிறகு கூடத்தில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தோம். பேச்சு வரவில்லை. எதைச் சொல்ல எடுத்தாலும் முன்பே சொன்னதாக இருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், நான் அடுப்பைப் பார்த்தேன். நிஜமான கல்யாணம்தான் என்று எங்களை நம்பிய அந்த அதிகாரி அப்போது வந்து பார்த்திருந்தால் விசாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

கால் மணி நேரம் கழித்து அவள் எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.  கதவைத் தட்டலாமா என்று நினைத்தபோது என் போன் அடித்தது. அவள்தான்.

“என்ன பண்றீக?” என்றாள்.

“சும்மாதான் உக்காந்துருக்கேன்.”

“அப்பா எப்படி இருக்காக? நெசத்தச் சொல்லுங்க.”

சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் பேசினோம். நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மறுபடி உள்ளே போனாள்.